தெருவில் உள்ள வாடகை வீடுகளும் வீட்டுக்காரர் பொறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, தாம்பரம், ஆவடி மாநகராட்சிப் பகுதிகளில் தனி வீடுகளும் இரண்டு மூன்று போர்ஷன் உள்ள வீடுகளும் கலந்திருக்கும் தெருக்களுக்காகத் தொகுத்தது இது. குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறோம். தனக்கென்று சங்கமும் விதிகளும் வைத்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விவகாரம் வேறு. அது இதில் இல்லை.

அவர் வீடு, அவர் வாடகைக்கு விடறார். அதை எப்படி வெச்சுக்கணும்னு சொல்ல நாம யாரு?

யாருக்கு விடுவது, எவ்வளவு வாடகை என்பதெல்லாம் அவர் பாடு. காம்பவுண்டைத் தாண்டித் தெருவுக்கு வருவது மட்டும்தான் நம் பேச்சு. கழிவுநீர், குப்பை, தொட்டி வழிந்து ஓடும் தண்ணீர், ராத்திரிச் சத்தம், வழியை அடைக்கும் வண்டிகள்: பெரும்பாலான தகராறு இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

இந்த எல்லையைச் சங்கமே மதிக்க வேண்டும். மாடியில் துணி காயப்போடுவது, வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்று ஆரம்பித்தால், நாளைக்கு செப்டிக் டேங்க் வழிகிறது என்று சொல்லும்போது வீட்டுக்காரர் காது கொடுக்க மாட்டார்.

தப்பு பண்றது குடித்தனக்காரங்க. ஓனரை ஏன் இழுக்கணும்?

பாட்டுச் சத்தம், கேட்டை மறித்து நிற்கும் பைக் என்றால் முதலில் குடித்தனக்காரரிடமே நேரில் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். ஆனால் குடித்தனம் மாறியும் அதே பிரச்சினை தொடர்ந்தால் குறை வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

வாசலில் குப்பைப் பை கிடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று போர்ஷனுக்கும் சேர்த்துக் குப்பைத்தொட்டி வைக்க ஓர் இடம் இல்லை. வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று புதிதாக வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது பையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறார். மீதியை நாய் பார்த்துக்கொள்கிறது. இங்கே குடித்தனக்காரரைத் திட்டிப் பயனில்லை. படிக்கட்டுக்கு அடியில் மூடி போட்ட தொட்டி இரண்டு, மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று, வீட்டுக்காரர் வாங்கி வைத்தால் போதும். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பிரித்துக் கொடுப்பது கட்டாயம். டயப்பர், நாப்கினைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும்.

அந்த வீட்டு செப்டிக் டேங்க் மாசாமாசம் வழியுது. லாரி வந்து எடுத்துட்டுப் போனாலும் திரும்ப வழியுது. ஏன்?

பெரும்பாலும் தொட்டி சின்னது. ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு இந்தியத் தர அளவின்படி உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம் போதும். சுமார் 1,100 லிட்டர். அந்த வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி, பின்னால் ஒரு போர்ஷன் இறக்கி, இப்போது அங்கே 15, 20 பேர். 20 பேருக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் கணக்கில், 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீர் ஆழம் வேண்டும். அதாவது சுமார் 4,500 லிட்டர். தொட்டி பழையபடியே இருந்தால் கழிவு அடியில் படிய நேரம் கிடைக்காது. கலங்கலாகவே வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். குழி அடைத்த பிறகு லாரி வைத்து எடுப்பது சில நாள் நிம்மதிதான். டேங்க் நிரம்பியதும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. குளியலறை, துணி துவைக்கும் தண்ணீரையும் அதே தொட்டியில் விட்டிருப்பது ஒன்று. கழிவறையில் நாள் தவறாமல் ஆசிட் ஊற்றி, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளைக் கொல்வது இன்னொன்று. ஆகவே வீட்டுக்காரரிடம் "லாரி கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், தொட்டி அளவு என்ன, உறிஞ்சுகுழி தண்ணீர் இழுக்கிறதா என்ற மூன்றையும் கொத்தனாரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது, வீட்டுக்காரர்தான் இணைப்பு வாங்கவில்லை என்றால் தீர்வு அதுதான். மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகுவது சட்டவிரோதம். ஐப்பசி மழையில் அது தெரு முழுக்கப் பொங்கும்.

எந்த நிலையிலும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வைத்தவர் மாட்டுவார், அதாவது வீட்டுக்காரரே மாட்டலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு உரிமம் உள்ள லாரிக்குப் பேரம் பேசுவது குறைகிறது. லாரிக்காரரிடம் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குகிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் சரக்கு ஏதோ ஓர் ஏரியில்தான் இறங்கும்.

ஓனர் யாருன்னே தெரியல. புரோக்கர் மூலமா விட்டிருக்காங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் குடித்தனக்காரரிடம் கேளுங்கள். வாடகை யாருக்கு அனுப்புகிறார் என்பது அவருக்குத் தெரியும். "உங்க மேல புகார் இல்லைங்க, டேங்க் விஷயமா அவர்கிட்ட பேசணும்" என்று காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் எண்ணைக் கொடுப்பார்கள்.

அது நடக்காவிட்டால், சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரம் பார்க்கலாம். வருவாய்த்துறையின் இணைய சேவையில் பட்டா விவரம் கிடைக்கும். பட்டாவில் இறந்துபோன தாத்தா பெயர் இருந்தாலும் அதிர வேண்டாம். வாரிசுகளில் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்.

ஓனர் அமெரிக்காவுல இருக்கார். போன் பண்ணா "நான் என்ன சார் பண்றது"ங்கறார்.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளூரில் பொறுப்பாக ஓர் ஆள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டத்தில் (2017இல் இயற்றப்பட்டது) சொத்து மேலாளர் என்ற ஏற்பாடே இருக்கிறது. மேலாளரை அமர்த்தினால் அவர் பெயர், என்ன செய்ய அவருக்கு அதிகாரம் என்பதையெல்லாம் குடித்தனக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகை வாங்குவது, பழுது பார்ப்பது, அவ்வப்போது வீட்டைச் சென்று பார்ப்பது அவர் வேலை.

மச்சானையோ பழைய பக்கத்து வீட்டுக்காரரையோ போட்டாலும் சரி. ஆனால் "குறிப்பிட்ட தொகை வரை என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம்" என்று வீட்டுக்காரர் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இது இல்லாததால்தான் 800 ரூபாய் ப்ளோட் வால்வுக்கு (தொட்டி நிரம்பியதும் தண்ணீரைத் தானாக அடைப்பது) மூன்று வாரம் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. வழக்குப் போடுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது போன்றவற்றுக்கு மட்டும் முறையான பவர் பத்திரம் தேவை.

ஓனர்கிட்ட எப்படிச் சொன்னா வேலை நடக்கும்? நாங்க சொன்னா சண்டைக்குத்தான் வர்றார்.

"உங்க வீட்டால தெருவே நாறுது" என்று தொடங்கினால் சண்டைதான் வரும். ஒரே பிரச்சினை, தேதி, படம், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்ற வரிசையில் எழுதுங்கள். கீழே உள்ளது மாதிரி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். 14ஆம் எண் வீட்டின் மேல்நிலைத் தொட்டி இந்த வாரம் திங்கள், புதன், வியாழன் காலை 6 முதல் 6.40 வரை வழிந்தது. படங்கள் இணைத்துள்ளோம். தண்ணீர் உங்கள் வடக்குச் சுவரிலேயே இறங்குகிறது; சுவரில் ஈரம் மூன்றடி உயரத்துக்கு ஏறியுள்ளது. மோட்டாருக்குத் தானாக நிற்கும் கருவி போட்டால் சரியாகும். வரும் 20ஆம் தேதிக்குள் செய்ய முடியுமா? எலக்ட்ரீஷியன் எண் வேண்டுமானால் தருகிறோம்."

இதில் வேலை செய்வது வடக்குச் சுவர்தான். தெருவின் அசௌகரியத்தைவிடத் தன் சொத்து கெடுகிறது என்பது அவரைச் சீக்கிரம் எழுப்பும். இதைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், தனியாக அனுப்புங்கள். நூறு பேர் முன்னால் அவமானப்பட்டவர் வேலை செய்ய மாட்டார், குழுவிலிருந்து வெளியேறுவார்.

மேல்நிலைத் தொட்டி வழியறதுக்கு மோட்டாரைத் தானா நிறுத்தற அந்தக் கருவியே போதுமா?

ஒரு தொட்டி, ஒரு மோட்டார் என்றால் போதும். மூன்று போர்ஷனுக்கு மூன்று தொட்டி, ஒரே மோட்டார், கேட் வால்வைத் திருப்பித் திருப்பி ஏற்றுகிறார்கள் என்றால் ஒவ்வொரு தொட்டியிலும் ப்ளோட் வால்வு வேண்டும். கடைசித் தொட்டியில் மட்டும் கருவி போட்டால் மற்ற இரண்டும் வழியும். எல்லா வால்வும் மூடிக்கொண்ட பிறகு மோட்டார் ஓடினால் குழாய் இணைப்பு பிய்த்துக்கொள்ளும், ஆகவே மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

தொட்டி அளவையும் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் 15 பேருக்கு 2,000 லிட்டருக்கு மேல் ஆகும். 1,000 லிட்டர் தொட்டி இருந்தால் நாளைக்கு மூன்று முறை மோட்டார் போடுவார்கள், ஒருமுறையாவது மறப்பார்கள். மூடி இல்லாத தொட்டி என்றால் டெங்கு கொசுவுக்கும் சேர்த்து வாடகைக்கு விட்ட மாதிரி.

எந்த ரிப்பேர் ஓனர் பண்ணணும், எது குடித்தனக்காரர் பண்ணணும்? ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கை காட்டறாங்க.

மேலே சொன்ன சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, உள், வெளி மின் வயரிங்: இவை வீட்டுக்காரருடையவை. குழாய் வாஷர், டேப், வடிகால் அடைப்பு, கழிவறைப் பீங்கான், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, உடைந்த கண்ணாடி: இவை குடித்தனக்காரருடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி. செப்டிக் டேங்க் சுத்தம் யார் செலவு என்பதைப் பேர் சொல்லி எழுதிக்கொள்வது நல்லது. மூன்று குடித்தனம் பங்கிடும் தொட்டியை வீட்டுக்காரரே ஏற்றுக்கொண்டு வாடகையில் சேர்த்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் குடித்தனக்காரர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. முதலில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், பில் இருக்க வேண்டும்.

11 மாச அக்ரிமென்ட் 20 ரூபாய் பத்திரத்துல போட்டாச்சு. ரிஜிஸ்டர் எல்லாம் எதுக்குன்னு ஓனர் கேக்கறார்.

11 மாதம் என்ற பழக்கம் பழைய பதிவுச் சட்டத்தால் வந்தது. ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்கும் வழி. மேலே சொன்ன புதிய வாடகைச் சட்டத்தில் அந்த வழி இல்லை. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிந்து எண் வாங்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பின்னால் தகராறு வந்தால் அவர் கையில் இருக்கும் காகிதம் இதுதான். அதோடு ஒப்பந்தத்தில் எத்தனை பேர் தங்கலாம், எத்தனை வண்டி உள்ளே நிறுத்தலாம், உள்வாடகைக்கு விடக் கூடாது, குப்பை நேரம் என நான்கு வரி சேர்த்துவிட்டால் தெருவின் பாதி வேலை முடிந்தது.

பத்து மாச அட்வான்ஸ், காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகை பிடிப்பு. இதுக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும் ஒரு மாத வாடகை போகப்போகிறது என்று தெரிந்தவர் வீட்டைப் பேணுவதில் அக்கறை காட்ட மாட்டார். காலி செய்யும் நாளில் பழைய மெத்தை, உடைந்த கட்டில் எல்லாம் தெருமுனைக்கு வந்துவிடும். சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிப்பது யார் பொறுப்பு என்பதை முந்தைய ரிப்பேர் பதிலில் பாருங்கள்.

நல்ல வீட்டுக்காரர்கள் செய்வது: குடிவரும் நாளில் அறை அறையாகப் படம், மீட்டர் ரீடிங், சாவி எண்ணிக்கை, காலி செய்யும் நாளில் அதே பட்டியல். உண்மையான சேதத்துக்கு மட்டும் பில்லோடு பிடித்தம். "பழைய சாமான்களை நீங்களே அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கூலி கழிக்கப்படும்" என்ற வரி இருந்தால் மெத்தை தெருவுக்கு வராது.

குடித்தனக்காரங்க விவரத்தைப் போலீஸ்ல கொடுக்கணுமா?

காவல் ஆணையரின் உத்தரவு நடப்பில் இருந்தால் கட்டாயம். அதை மீறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 223ஆம் பிரிவின்படி குற்றம். உத்தரவு இல்லாவிட்டாலும் பெயர், அடையாள அட்டை நகல், வேலை செய்யும் இடம், சொந்த ஊர் முகவரி ஆகியவற்றை வீட்டுக்காரர் வாங்கி வைத்திருக்க வேண்டும். சங்கம் இந்த நகல்களைச் சேகரிக்கக் கூடாது. ஒருவருடைய ஆதார் நகல் தெரு வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேறு வகைத் தொல்லை. சங்கத்துக்கு வேண்டியது ஒரு பெயர், ஒரு போன் எண்.

பேச்சுலர்ஸுக்கு வீடு விடக் கூடாதுன்னு தீர்மானம் போடலாமா?

போடலாம், செல்லாது. தனி வீடுகள் உள்ள தெருவில் யாருக்கு வீடு விடலாம் என்று கட்டளையிட நலச்சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. சாதி, மதம், உணவு என்று போகும் தீர்மானங்களுக்கும் இதே பதில்தான். அவை கூடுதலாக அசிங்கம்.

எண்ணிக்கைதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு இளைஞர்கள் இருப்பது ஒரு குடும்பம் இருப்பதற்குச் சமம். அதே வீட்டில் 12 பேர் என்றால் தண்ணீர், செப்டிக் டேங்க், வண்டி எல்லாக் கணக்கும் உடையும். அவர்கள் கல்யாணம் ஆனவர்களாக இருந்தாலும் உடையும்.

பக்கத்து வீட்டை லேடீஸ் ஹாஸ்டலா மாத்திட்டாங்க. ஓனர் "வீடுதானே விட்டிருக்கேன்"ங்கறார்.

2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். நடத்துபவர் வேறு ஆளாக இருந்தாலும், உரிமம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வீட்டுக்காரர் விட வேண்டும். உரிமத்தோடு நடக்கும் விடுதியில் காவலாள், தீயணைப்புக் கருவி, பதிவேடு இருக்கும், தெருவுக்கும் நிம்மதி. படிக்கட்டுக்கு அடியில் ஆறேழு சிலிண்டர் அடுக்கியிருந்தால் தீப்பிடித்தால் தப்பிக்கும் வழியே அந்தப் படிக்கட்டுதான் என்பதை வீட்டுக்காரரிடம் படத்தோடு சொல்லுங்கள். கட்டில்கள் கூடும்போது கீசரும் கூடும். பழைய வயரிங்கில் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் தடுப்பான் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்வது உயிர் காக்கும் யோசனை.

ஓனரே நம்ம பக்கம் வந்துட்டார். தொல்லை பண்ற குடித்தனக்காரருக்குத் தண்ணி, கரண்டை நிறுத்திடறேன்ங்கறார். சரியா?

வேண்டவே வேண்டாம். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் போனால் உடனடியாகத் திரும்பக் கொடுக்க உத்தரவு வரும், வீட்டுக்காரர் தண்டத்தொகையும் கட்ட நேரலாம். பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது இன்னும் மோசம். பேசுவதற்கு உள்ளே போவதென்றாலும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுப் பகலில் போக வேண்டும்.

முறையான வழி இருக்கிறது. பொதுத் தொல்லை தரும் விதமாக வீட்டைப் பயன்படுத்துவது "தவறான பயன்பாடு". அதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பின்னும் தொடர்ந்தால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரலாம். நோட்டீஸில் தேதிகள் வேண்டும். முன்னால் சொன்ன மாதிரிக் கடிதங்களும் படங்களும் இங்கே வீட்டுக்காரருக்கே கை கொடுக்கும்.

ராத்திரி சத்தத்துக்கு யாரைக் கூப்பிடறது?

காவல் கட்டுப்பாட்டு அறை, 100 அல்லது 112. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல், பகலில் 55. கூப்பிட்ட மறுநாள் வீட்டுக்காரருக்கும் ஒரு வரி அனுப்புங்கள்.

எல்லாம் சொல்லியாச்சு, ஓனர் அசையல. அடுத்து என்ன? வாடகை அதிகாரிகிட்ட நாமே புகார் கொடுக்கலாமா?

முடியாது. அங்கே வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் மட்டுமே தரப்பினர். அண்டை வீட்டாருக்கான வாசல்கள் வேறு. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குப்பை, கொசு, மழைநீர் வடிகாலில் கழிவு என்றால் 1913. பாதாளச் சாக்கடை என்றால் குடிநீர் வாரியத்தின் 1916. தாம்பரம், ஆவடியில் அந்தந்த மாநகராட்சியின் மண்டல அலுவலகம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். எண் இல்லாத புகார் யாரிடமும் இல்லை.

அதிலும் நகராவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133) இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஒருவர் கொடுப்பதைவிடப் பாதிக்கப்பட்ட நான்கைந்து வீட்டார் சேர்ந்து, மூன்று மாத ஆவணங்களோடு கொடுப்பது நல்லது. ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் உள்ள தனிப்பட்ட தகராறு என்று தோன்றினால் மனு நிற்காது.

ஓனருங்களுக்கு நாம எதாவது செஞ்சாத்தானே அவங்களும் கேப்பாங்க?

சரியான கேள்வி, குறைவாகவே கேட்கப்படுகிறது. செலவில்லாமல் சங்கம் நான்கு காரியம் செய்யலாம். நம்பகமான பிளம்பர், எலக்ட்ரீஷியன், உரிமம் உள்ள கழிவுநீர் லாரி எண்களின் பட்டியல். டூ-லெட் தகவலைத் தெருவுக்குள் பகிர்ந்து புரோக்கர் கமிஷனை மிச்சப்படுத்துவது. புதுக் குடித்தனத்துக்கு ஒரு பக்கத் தாள்: குப்பை வண்டி நேரம், மோட்டார் நேரம், வண்டி எங்கே நிறுத்தலாம், யாரைக் கூப்பிடலாம். வெளியூர் வீட்டுக்காரருக்கு மழைக்காலம் தொடங்கும் முன், செப்டம்பரிலேயே, மொட்டைமாடி வடிகாலையும் மழைநீர் சேகரிப்புக் குழியையும் படம் எடுத்து அனுப்புவது. சேகரிப்பு அமைப்பு 2003 முதல் கட்டாயம். கட்டியதோடு சரி, தூர் வாரியவர்கள் குறைவு.

குடித்தனக்காரரே வந்து "ஓனர் எதுவும் ரிப்பேர் பண்ண மாட்டேங்கறார், நீங்க கேளுங்க"ன்னா என்ன பண்றது?

வீட்டுக்குள் உள்ள குறை என்றால் ரிப்பேர் பதிலில் சொன்ன வழியைக் காட்டிவிட்டு ஒதுங்குங்கள். தெருவைப் பாதிக்கும் குறை என்றால் சங்கத்தின் பெயரில், சங்கம் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "உங்க குடித்தனக்காரர் சொன்னார்" என்ற வார்த்தை கடிதத்தில் வரக் கூடாது. அடுத்த மாதம் அவரைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். படம் தெருவிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும், மாடியிலிருந்து எடுத்ததாக வேண்டாம். எந்தக் கோணத்தில் எடுத்தது என்று பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு.